சர்ச்சைக்குரிய தாவரமும் கண்டக்டரம்மாவின் முதுகும்

விசில்காரர் என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த மனிதர், வாழ்நாள் முழுக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் என்றால் அவருக்குச் சட்டம்தான். இறுதி ஆட்டத்தில் சொந்த மச்சான் கையால் பந்தைத் தட்டினான் என்று அவனை மைதானத்தை விட்டே அனுப்பி, மாமனார் வீட்டுப் படியைப் பல வருஷம் மிதிக்க முடியாமல் போனவர். ஈ காக்காய் இல்லாத சாலையில்கூட விளக்கு பச்சையாகும்வரை நிற்பார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினால், "அவங்களுக்கும் சேத்துத்தான் நிக்கிறேன்" என்பார். இப்படிப்பட்ட மனிதர் போய் ஓர் அரசுக் குழுவிடம் மாட்டிக்கொண்டார் என்பதுதான் வயிற்றெரிச்சல். சட்டத்தை மதிக்காதவன் எவனும் அந்தக் குழு இருந்த கட்டடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவனுக்கு வேண்டியது தெருமுனையிலேயே கிடைத்தது.

அவர் மனைவி நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகும் தெருவில் அவருக்குக் கண்டக்டரம்மா என்றுதான் பெயர். ஒருநாள் குறுக்கே வந்த வண்டிக்காக ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட, நின்றுகொண்டிருந்த கண்டக்டரம்மா பின்பக்கமாகச் சாய்ந்து கம்பியில் முதுகு அடிபட விழுந்தார். அறுவை சிகிச்சை செய்தார்கள். எலும்பு சேர்ந்தது, நரம்பு சேரவில்லை. இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை யாரோ நெருப்புக் கம்பியை விட்டு இழுப்பதுபோல ஒரு வலி அன்றிலிருந்து கூடவே குடித்தனம் நடத்தியது. மாத்திரைகள் வயிற்றைக் கெடுத்தன, வலியைத் தொடவில்லை.

கடைசியில் டாக்டர் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்.

"ஒரு எண்ணெய் இருக்கு. நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு விட்டாப் போதும். இந்த மாதிரி நரம்பு வலிக்கு நிறையப் பேருக்குக் கேக்குது. ஆனா அது கஞ்சாச் செடியில இருந்து எடுக்கறது. நம்ம நாட்டுல நான் எழுதிக் கொடுத்தா நானும் உள்ள போவேன், நீங்களும் உள்ள போவீங்க."

"அப்ப என்ன டாக்டர் பண்றது?"

"அனுமதிக்கலாமா வேண்டாமான்னு பேசறதுக்கு ஒரு குழு போட்டிருக்காங்க. பொதுமக்கள் யார் வேணும்னாலும் வந்து சொல்லலாம்னு பேப்பர்ல விளம்பரம் வந்துச்சே. போய்ச் சொல்லுங்க. எங்களை மாதிரி ஆளுங்க சொன்னா எடுபடலை. நீங்க சொன்னா ஒருவேளை..."

விசில்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. விதி தவறென்றால் மாற்றச் சொல்வது, மாறும்வரை மதிப்பது என்பது அவர் கொள்கை. அதற்கென்று ஓர் இடமே இருக்கிறது என்றால் வேறென்ன வேண்டும்? மறுநாளே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். படுத்திருந்த கண்டக்டரம்மா தலையை மட்டும் திருப்பி, "சீக்கிரம் வந்துடுவீங்கதானே?" என்றார்.

"ரெண்டு வாக்கியம் சொல்லணும். அவ்வளவுதானே?" என்றார் இவர்.

குழுவின் அலுவலகம் ஒரு பெரிய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. கீழ்த்தளம் முழுவதும் அரசு மதுபான நிறுவனத்தின் தலைமை அலுவலகம். குழு உறுப்பினர்களுக்கு வரும் தேநீரும் பிஸ்கட்டும் கீழே இருந்துதான் வந்தன. 'போதையற்ற சமுதாயம் படைப்போம்' என்று சுவரில் எழுதி, அதற்குக் கீழே பொடி எழுத்தில் மதுபான நிறுவனத்துக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

வாசலில் செயலாளர் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். குரலில் தேன் சொட்டும்.

"வாங்க, வாங்க. நீங்க ஆதரவா, எதிர்ப்பா?"

"ரெண்டும் இல்லைங்க. என் வீட்டுக்காரிக்கு முதுகு வலி."

செயலாளர் வருத்தப்பட்டார். "முதுகு வலிக்குத் தனியா நாற்காலி போடலைங்களே. பச்சை நாற்காலி ஆதரவு. சிவப்பு நாற்காலி எதிர்ப்பு. ஏதாவது ஒண்ணுல உக்காந்தாத்தான் உங்களைப் பொதுமக்கள்னு எடுத்துக்க முடியும்."

"நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடறேனே."

"நின்னா அது ஆர்ப்பாட்டம். அதுக்குப் போலீஸ் அனுமதி வேணும்."

விசில்காரர் யோசித்தார். மருந்து வேண்டும் என்பதால் பச்சையில் உட்கார்ந்தார்.

மேடையில் குழுத் தலைவர் அமர்ந்திருந்தார். முன்னாள் நீதிபதி. புகையின் தீமைகளைப் பற்றி ஆழ்ந்து யோசிக்க வேண்டியிருந்ததால் அடிக்கடி எழுந்து பால்கனிக்குப் போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். அவர் திரும்பி வரும்வரை சபை மரியாதையாக எழுந்து நின்றது; அது ஆர்ப்பாட்டத்தில் சேராதாம்.

விசில்காரரின் முறை வந்தது.

"ஐயா, என் மனைவி பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவ. முதுகுல அடிபட்டு நரம்பு வலி. கஞ்சா எண்ணெய் கொடுத்தா..."

மணி அடித்தது. செயலாளர் ஓடிவந்தார். "ஐயையோ, அந்த வார்த்தை இந்த அவையில தடை!"

"எந்த வார்த்தை?"

"நீங்க சொன்னது."

"அப்ப இங்க எதைப் பத்திப் பேசறீங்க?"

"அதைப் பத்தித்தான். ஆனா பேரைச் சொன்னா அதுக்கு விளம்பரம் ஆயிடும் பாருங்க. 'சர்ச்சைக்குரிய தாவரம்'னு சொல்லணும். நீளமா இருந்தா, சுருக்கமா ச.தா."

அன்று முழுக்க அவர்கள் சதாவைப் பற்றிச் சதா பேசினார்கள். அது செடியா, மூலிகையா, போதைப்பொருளா என்பது முதல் கேள்வி. செடி என்றால் விவசாயத் துறை, மூலிகை என்றால் சுகாதாரத் துறை, போதைப்பொருள் என்றால் காவல் துறை. மூன்று துறைகளின் ஆட்களும் வந்திருந்தார்கள். எங்கள் துறையில் வராது என்று மூவரும் ஆதாரத்தோடு நிரூபித்தார்கள். தலைவர் மூவரையும் பாராட்டி, மூன்றும் அல்ல என்றால் அது வேறு எதுவாக இருக்கலாம் என்று கண்டுபிடிக்க ஒரு துணைக்குழுவை அமைத்தார்.

விசில்காரர் எழுந்தார். "ஐயா, இது எப்ப முடியும்?"

சபையில் சலசலப்பு. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பேசியதை விசில்காரர் பின்னாளில் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

"முடியணும்னு நினைக்கிறீங்களே, அங்கதான் ஆபத்து இருக்கு. அனுமதி கொடுத்துட்டோம்னு வச்சுக்குங்க, விவாதம் முடிஞ்சுது. கொடுக்கலைன்னு முடிவு பண்ணாலும் முடிஞ்சுது. இந்தக் கட்டடத்தை என்ன பண்றது? எனக்குக் கார் ஓட்டறவர் எங்க போவார்? எந்த நல்ல ஜனநாயகத்துலயும் கேள்விதான் முக்கியம், பதில் இல்லை. எனக்கு முன்னாடி இருந்த தலைவர் இந்த நாற்காலியிலேயே வயசாகி, இந்த நாற்காலியிலேயே கண்ணை மூடினார். ஒரு முடிவும் எடுக்காம, எந்தக் களங்கமும் இல்லாமப் போய்ச் சேர்ந்தார். அவர் வழியில நடக்கணும்னுதான் எனக்கும் ஆசை."

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. பச்சை நாற்காலி, சிவப்பு நாற்காலி இரண்டிலும்.

வெளியே வந்ததும் அவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆதரவு இயக்கத்தின் தலைவர். முதுகு வரை தொங்கும் சடை, காதில் வளையம். ஜடாமுடி என்று அவர் தன்னைத்தானே அழைத்துக்கொண்டார்.

"சார், உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். நாங்க சுதந்திரம் சுதந்திரம்னு கத்தறோம், எவனும் திரும்பிப் பாக்கலை. உங்க வீட்டம்மாவோட வலி எங்க இயக்கத்துக்குக் கிடைச்ச வரம் சார்! இன்னும் கொஞ்ச நாள் வலி தாங்குவாங்கதானே? பேரணி வரைக்கும்?"

விசில்காரர் கையை உதறிக்கொண்டு படியிறங்கினால், கீழே ஒழுக்கப் பாதுகாப்புக் கழகத்தின் தலைவி நின்றிருந்தார்.

"ஏன் சார், உங்களைப் பாத்தா கௌரவமானவராத் தெரியறீங்க. இதுல வந்து விழலாமா? இன்னைக்கு முதுகு வலிம்பாங்க. நாளைக்கு மூட்டு வலிம்பாங்க. விட்டா நாட்டுல யாருக்குமே வலி இருக்காது. வலி இல்லாத ஜனங்களை எப்படி சார் ஒழுக்கமா வச்சுக்கறது?"

அடுத்த வாரம் சுவரெல்லாம் விசில்காரர் படம். பேசும்போது யாரோ எடுத்தது. பாதி திறந்த வாய், சுருங்கிய புருவம். ஜடாமுடியின் சுவரொட்டியில் அந்த முகத்துக்குக் கீழே 'இவர் மனைவிக்கு விடுதலை எப்போது?' என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே தலைவியின் சுவரொட்டி. அதே முகம். 'போதை இவரை என்ன செய்தது பாருங்கள்!'

கண்டக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது, வலிக்கு நடுவிலும் சிரித்துவிட்டார்.

"எந்தப் பக்கம் போனாலும் டிக்கெட் உங்களுக்குத்தான் கிழிக்கறாங்க."

விசில்காரர் விடாமல் போனார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனார். பச்சை நாற்காலியில் அவர் உட்காரும் இடம் குழிந்துவிட்டது. அவர் இரண்டு வாக்கியம் சொல்ல ஆரம்பித்தால், போன கூட்டத்தில் சொன்னதைத் திருப்பிச் சொல்லக்கூடாது என்றார்கள். சொல்லாமல் இருந்தால், கோரிக்கையைக் கைவிட்டுவிட்டாரா என்று கேட்டார்கள். ஒருநாள் துணைக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, வலி இருக்கிறது என்று கணவர் சொல்கிறாரே தவிர, வலியை நம்மில் யாரும் பார்க்கவில்லையே என்றார். பெரிய கண்டுபிடிப்பாக அது பாராட்டப்பட்டது. வலியை நேரில் ஆஜர்படுத்தும்படி உத்தரவு வந்தது.

கண்டக்டரம்மாவை வாடகை வண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். மின்தூக்கி உறுப்பினர்களுக்கு மட்டும் என்பதால், விசில்காரரும் வண்டி ஓட்டியவரும் அவரை நாற்காலியில் உட்கார வைத்து மாடிப்படி ஏற்றினார்கள். ஒவ்வொரு படியிலும் கண்டக்டரம்மா உதட்டைக் கடித்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது உதட்டில் ரத்தம் இருந்தது.

குழுவின் மருத்துவ உறுப்பினர் நெருங்கி வந்தார். "வலி எங்க இருக்கு?"

"முதுகுல. அங்கிருந்து கால் வரைக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். "முதுகு தெரியுது. கால் தெரியுது. வலி தெரியலையே. சரி, ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும்னு வச்சா எவ்வளவு?"

"பத்து."

"பத்துன்னா பேச முடியாது. நீங்க பேசறீங்க. அதனால ஆறு."

கண்டக்டரம்மா வாயை மூடிக்கொண்டார்.

"இப்பப் பேசலையே. ஒத்துழைக்க மறுக்கறாங்கன்னு எடுத்துக்கலாமா?" என்று கேட்டார் செயலாளர், தேன் குரலில்.

விசில்காரருக்குக் காதுமடல் சூடேறியது. அவர் எழுவதற்குள் கண்டக்டரம்மா கையை நீட்டி அவரை அமர்த்தினார். பிறகு மேடையைப் பார்த்துப் பேசினார். கூட்டம் நெரியும் பேருந்தில் கடைசி இருக்கைவரை கேட்ட குரல் அது. கொஞ்சம் உடைந்திருந்தது, அவ்வளவுதான்.

"முன்னாடி போங்க, முன்னாடி போங்கன்னு காலம் பூராக் கத்தினவ நான். எத்தனையோ முரட்டு ஆளுங்களை நகர்த்தியிருக்கேன். உங்களை மாதிரி ஒரு அடி நகராத கூட்டத்தை நான் பாத்ததே இல்லை. நீங்க எறங்கவும் மாட்டீங்க, அடுத்தவங்களை ஏறவும் விடமாட்டீங்க. எனக்கு வேண்டியது ரெண்டு சொட்டு. அதைக் கொடுக்க முடியுமா, முடியாதா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லித் தொலைங்க. நான் வீட்டுக்குப் போய்க் கத்தியாவது அழறேன்."

ஒரு பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார். அது மறுநாள் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குழுவின் பதவிக்காலம் முடிய இருந்தது. நீட்டிப்பு வேண்டுமென்றால் ஏதாவது சாதித்ததாகக் காட்ட வேண்டும் என்று மேலிடம் சொல்லியிருந்தது. ஆகவே குழு இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. ஒரே ஒரு நோயாளிக்கு, சோதனை முறையில், அனுமதி வழங்கியது.

செய்தியைக் கேட்டதும் விசில்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். "பாத்தியா? முறைப்படி போனா நடக்கும்னு நான் சொன்னேன்ல?" என்றார். கண்டக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

மருந்து வழங்கும் விழாவுக்குத் தெருவையே அடைத்தார்கள். முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப், நடுவில் இரும்புப் பெட்டி வண்டி. வீட்டின் முன்னறையில் இருந்த கட்டிலை ஓரம் தள்ளி, படத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் திரையைக் கழற்றினார்கள். கண்டக்டரம்மாவை எழுந்து உட்காரச் சொன்னார்கள். கொஞ்சம் வலிப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளும்படி புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டார்.

தலைவர் பேசினார். மனிதாபிமானம் என்ற சொல் அதில் மூச்சுக்கு ஒருமுறை வந்தது. பிறகு கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு சிறிய பழுப்பு நிறப் பாட்டிலை எடுத்துக் கண்டக்டரம்மாவின் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கண்டக்டரம்மா மூடியைத் திறந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கையில் கவிழ்த்தார்.

"என்னங்க, இதுல ஒண்ணுமில்லையே."

செயலாளர் முன்னே வந்தார். "ஆமாம்மா. பாட்டிலுக்கு அனுமதி வந்திருக்கு. உள்ள இருக்கறதுக்கு வரலை. அது வேற துறை."

"அப்ப இதை வச்சு நான் என்ன பண்றது?"

"தினமும் காலையில ஒருவேளை, சாயங்காலம் ஒருவேளை, நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு."

"எதை?"

"அதைத்தாம்மா அடுத்த கூட்டத்துல எடுத்துக்கறோம். இதுவே எவ்வளவு பெரிய முன்னேற்றம் தெரியுமா? இத்தனை காலமா பாட்டில்கூட இல்லையே!"

விசில்காரருக்கு அப்போது என்ன ஆனது என்று அவருக்கே தெரியாது. ஆயிரக்கணக்கானவர்கள் வசைபாடிய மைதானங்களில் அசையாமல் நின்ற மனிதர், தலைவரின் தோளைப் பிடித்து வாசலைப் பார்த்துத் திருப்பினார். "வெளியே போங்கய்யா! எல்லாரும் வெளியே போங்க! மனுஷங்களா நீங்க?" என்று கத்தினார். கண்ணில் நீர் தாரை தாரையாக வழிந்தது.

"நன்றியில உணர்ச்சிவசப்பட்டுட்டார்" என்றார் செயலாளர். புகைப்படக்காரர் அதையும் எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகும் ஒரு காவலர் மட்டும் போகவில்லை. அனுமதிக்கப்பட்ட பாட்டில் கட்டுப்பாட்டுக்குரிய பொருள் என்பதால், அதற்குக் காவலாக அவரைப் போட்டிருந்தார்கள். நடுத்தர வயது. தொப்பை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அலமாரியில் இருந்த காலி பாட்டிலை எட்டிப் பார்த்து, இருக்கிறது என்று வயர்லெஸ்ஸில் அடிக்கடி சொன்னார்.

முதலில் அவருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வாசலில் உட்கார்ந்திருப்பவன் காதைக் கழற்றி வைக்க முடியாதே. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்டக்டரம்மாவுக்கு வலி ஏறும். சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வார். அப்படியும் கேட்கும். காவலர் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருப்பக்கம் நகர்த்திப் பார்த்தார். தெருவரை கேட்டது.

ஒரு மதியம் அவர் உள்ளே வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"எங்க ஸ்டேஷன் ஸ்டோர் ரூம்ல பிடிச்ச சரக்கு மூட்டை மூட்டையாக் கிடக்கு. எலி தின்னுடுச்சுன்னு எழுதறோம். எலிங்களும் நிம்மதியாத் தூங்குதுங்க. அதுல இந்த எண்ணெயும் இருக்குய்யா. வெளிநாட்டுல இருந்து வந்த ஒருத்தர்கிட்டப் பிடிச்சது, டாக்டர் சீட்டோட, சீல்கூட உடைக்காம. என் மாமியாருக்குப் புத்துநோய் வந்தப்ப..." அவர் நிறுத்திக்கொண்டார். "நல்லபடியாப் போய்ச் சேந்தாங்க. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

விசில்காரர் தரையைப் பார்த்தார். "வேண்டாம். தப்பு. சட்டம் வரட்டும். வரும்."

கட்டிலில் இருந்து குரல் வந்தது. "சட்டத்துக்கு என்னைக்காவது முதுகு வலிக்கும். அப்ப வரும்."

கோபமில்லாத குரல். விசில்காரருக்கு அதுதான் தாங்கவில்லை. இத்தனை நாளில் மனைவி ஒருமுறைகூட, எனக்காக ஒரு தடவை வளைந்து கொடுங்கள் என்று கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. துண்டை மடித்துப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

விசில்காரர் எழுந்து வாசலுக்கு வந்தார். காவலரின் தடியை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க போயிட்டு வாங்க" என்றார். "பாட்டிலை நான் பாத்துக்கறேன்."

காவலர் கொண்டுவந்த எண்ணெயின் பெயரையும் அளவையும் விசில்காரர் டாக்டரிடம் போனில் படித்துக் காட்டினார். டாக்டர் குரலைத் தணித்து, "ரெண்டு சொட்டுக்கு மேல வேண்டாம். நீங்க எனக்குப் போன் பண்ணவே இல்லை" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கண்டக்டரம்மா தூங்கினார். முனகலில்லாமல், முகத்தைச் சுளிக்காமல், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு. விசில்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தான் ஒரு குற்றவாளி என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அதைவிட நன்றாகத் தெரிந்தது, இவ்வளவு நாள் இதைச் செய்யாமல் இருந்ததும் குற்றம்தான் என்பது. எது பெரிய குற்றம் என்று அவரால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

சில நாளில் கண்டக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை நடந்தார். "ஏங்க, இந்தக் கால் மறுபடி என் கால் மாதிரியே இருக்குங்க" என்றார். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் அதட்டினால் அடங்கும் அளவுக்கு வந்திருந்தது. கழற்றிக்கொண்டுபோன ஜன்னல் திரைக்குப் பதிலாகப் புதுத்துணி எடுத்துத் தைக்க ஆரம்பித்தார்.

அவர் தைத்துக்கொண்டிருந்த காலை நேரத்தில்தான் குழு வந்து இறங்கியது. பலன் எப்படி இருக்கிறது என்று பார்க்க.

செயலாளர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "அம்மா உக்காந்திருக்காங்க! தைக்கறாங்க!"

தலைவர் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மருத்துவ உறுப்பினரும் பார்த்தார். "ஒரு சொட்டுகூடக் குறையலை" என்றார் வியப்போடு. "இவ்வளவு பலன் கொடுத்தும் கொஞ்சம்கூடச் செலவாகலை பாருங்க."

"அம்மா, இப்ப வலி எவ்வளவு?"

கண்டக்டரம்மா கணவரைப் பார்த்தார். "மூணு."

"பத்துல இருந்து மூணு!"

"நீங்க ஆறுன்னுதானே சொன்னீங்க?"

அதை யாரும் காதில் வாங்கவில்லை. விசில்காரர் வாயைத் திறந்தார். 'யோவ், அது காலி பாட்டில்! அது இல்லை, எண்ணெய்தான் கேட்டுச்சு! அந்த எண்ணெய்!' என்று தொண்டைவரை வந்துவிட்டது. அவர்கள் முதுகுக்குப் பின்னால் காவலர் நின்றிருந்தார். அந்தத் தொப்பை மனிதரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவருக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும். விசில்காரர் வாயை மூடிக்கொண்டார். பாதி திறந்த வாய், சுருங்கிய புருவம்.

"நான் ஆரம்பத்துல இருந்தே சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் தலைவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "பாட்டில்தான் முக்கியம். உள்ள இருக்கறதைப் பத்தி இத்தனை காலம் வீணாப் பேசிட்டோம். அதுக்காக வருத்தப்படலை. வீணாப் பேசினதாலதான் இது தெரியவந்துச்சு."

அடுத்த கூட்டத்தில் குழு ஒருமனதாக அறிவித்தது. சர்ச்சைக்குரிய தாவரம் தொடர்ந்து தடை செய்யப்படுகிறது. அதன் பாட்டில் நாடு முழுவதும் அனுமதிக்கப்படுகிறது. நோயாளிகள் அனைவருக்கும் அரசே இலவசமாக வழங்கும். ஜடாமுடி இதைச் சுதந்திரத்தின் முதல் வெற்றி என்று பட்டாசு வெடித்தார். ஒரு சொட்டுகூட நாட்டுக்குள் வரவில்லை என்று தலைவியும் பட்டாசு வெடித்தார். பாட்டில் தயாரிக்கும் பொறுப்பு, காலி பாட்டில்களில் நீண்ட அனுபவம் உள்ளது என்ற காரணத்தால், கீழ்த்தளத்து நிறுவனத்துக்கே போனது. குழுவுக்கு நீட்டிப்பு கிடைத்தது. மூடிக்கு அனுமதி உண்டா இல்லையா என்பதில் இன்னும் தெளிவு இல்லையாம்.

விசில்காரர் செய்தியைக் கேட்டுவிட்டு வானொலியை அணைத்தார். சாப்பாடு இறங்கவில்லை. "நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார்.

"சொல்லியிருந்தா அந்தப் போலீஸ்காரர் உள்ள இருப்பார், நான் கட்டில்ல இருப்பேன், அவங்க அங்கேயே இருப்பாங்க" என்றார் கண்டக்டரம்மா. "சாப்பிடுங்க."

பாட்டில் விநியோகம் ஆரம்பித்த சில நாளில், ஒரு முற்பகலில், வாசலில் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. அதன் நெற்றியில் புதுக் காயம் ஒன்று, பழைய தழும்பு ஒன்று. காவலை விலக்கும் உத்தரவு இன்னும் வராததால் அங்கேயே உட்கார்ந்திருந்த காவலர் எழுந்து நின்றார்.

"கண்டக்டரம்மா வீடு இதுதானுங்களா? பேப்பர்ல படம் பாத்தேன்." அவள் கைப்பையிலிருந்து அதே பழுப்புப் பாட்டிலை எடுத்தாள். "என் பொண்ணுக்கு அடிக்கடி வலிப்பு வருதுங்க. எந்த மருந்துக்கும் நிக்கலை. இதைக் கொடுத்தாங்க. சொன்ன மாதிரியேதான் செய்யறேன். நாக்குக்கு அடியில கவுக்கறேன். தலைமாட்டுல வச்சும் பாத்துட்டேன். நேத்துக்கூட ரெண்டு தடவை விழுந்துட்டா. உங்களுக்குக் கேட்டுச்சுன்னு சொல்றாங்களே..." அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நான் எதைத் தப்பாச் செய்யறேன்னு சொல்லுங்க சார். திருத்திக்கறேன்."

விசில்காரர் குழந்தையின் நெற்றியைப் பார்த்தார். தெருக்கோடியில் இன்னும் இரண்டு பேர் முகவரி விசாரித்துக்கொண்டு வருவது தெரிந்தது; ஒருவர் ஊன்றுகோலோடு. அவர் காவலரைப் பார்த்தார். காவலர் வானத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, நாற்காலிக்கடியில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துடறேன் ஐயா" என்றார்.

"நீ எதையும் தப்பாச் செய்யலைம்மா" என்றார் விசில்காரர். கதவை அகலத் திறந்தார். "உள்ள வா. முதல்ல டாக்டருக்குப் போன் பண்ணுவோம்."

உள்ளேயிருந்து கண்டக்டரம்மாவின் குரல், கடைசி இருக்கைவரை கேட்கிற அந்தக் குரல், வந்தது.

"வாசல்ல நிக்காதீங்க! முன்னாடி வாங்க, எல்லாரும் முன்னாடி வாங்க! உள்ள நிறைய இடம் இருக்கு!"